புதுத்தண்ணீர் வந்த ஆற்றில் தூண்டில் கடிக்கவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஆனிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் குமரி மாவட்டத்தில் கோதையாறு, பரளியாறு, குழித்துறை தாமிரபரணி, பழையாறு என்று எந்தக் கரையில் நின்றாலும் ஒரே புலம்பல்தான் கேட்கும்: "போன வாரம் இதே கடவில் (ஆற்றுத் துறையில்) கெண்டை அள்ளினோம், இன்றைக்கு ஒரு கடிகூட இல்லை." உடனே இரையை மாற்றுவார்கள், பிறகு முள்ளை மாற்றுவார்கள், கையில் காசு இருப்பவர் புதுக் கம்பே வாங்கிவிடுவார். கோளாறு பெரும்பாலும் கம்பில் இருப்பதில்லை. தண்ணீரின் உயரமும் நிறமும் குளிர்ச்சியும் மாறியிருக்கும், மீனும் அதற்கேற்ப இடம் மாறியிருக்கும்.

கீழே உள்ளவை அறிகுறி வாரியானவை. காசில்லாமல் சரிசெய்யக்கூடிய காரணம் முதலில், செலவு வைப்பது கடைசியில். உங்கள் பிரச்சினை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம், ஆனால் முதல் பகுதியை மட்டும் தாண்ட வேண்டாம்.

நரம்பை (தூண்டில் நூலை) நனைக்கும் முன் இரண்டு சோதனை

குச்சிச் சோதனை: தண்ணீர் கரையைத் தொடும் இடத்தில் ஒரு குச்சியைக் குத்தி வைத்து 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். குச்சி நின்ற இடத்தில் தண்ணீர் நான்கு விரல்கட்டை ஏறியிருந்தால் பையைக் கட்டிக்கொண்டு மேட்டுக்கு வந்துவிடுங்கள். தலைக்கு மேலே வெயில் அடிக்கிறதே என்று நிற்கக் கூடாது. மழை மலையில் பெய்யும், தண்ணீர் இங்கே வரும்.

கைச் சோதனை: கையை விரித்துத் தண்ணீருக்குள் மெல்ல இறக்குங்கள். முழங்கை வரை இறங்கியும் விரல் நகம் தெரிந்தால் அது தெளிந்த நீர், வழக்கமான முறையே போதும். மணிக்கட்டு நனைவதற்குள் நகம் மறைந்தால் கலங்கல். விரல்கள் நனைந்த உடனே மறைந்தால் அது செங்கலங்கல், ரப்பர் தோட்டத்துச் செம்மண் முழுக்கக் கரைந்து வந்திருக்கிறது என்று பொருள்.

கிளம்புவதற்கு முன் செய்தித்தாளில் அணை மட்டம் பார்ப்பது நல்ல பழக்கம். பேச்சிப்பாறையின் முழு உயரம் 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி. பேச்சிப்பாறையில் உபரிநீர் திறந்து, திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை போட்டிருக்கிறார்கள் என்றால் அதற்குக் கீழே கோதையாற்றங்கரையில் அன்று யாருக்கும் வேலை இல்லை. குழித்துறை சப்பாத்து (ஆற்றைக் கடக்கும் தாழ்வான தரைப்பாலம்) மூழ்கிக் கிடக்கும்போது அதன் மேல் நின்று தூண்டில் போடுபவர்களை இன்றும் பார்க்கலாம். அங்கே கால் வழுக்கினால் பிடிக்க ஒன்றும் கிடையாது.

அறிகுறி 1: தண்ணீர் ஏறியிருக்கிறது, ஒரு கடியும் இல்லை

முதலில் தெரிய வேண்டியது, தண்ணீர் இப்போது ஏறுகிறதா, நிற்கிறதா, இறங்குகிறதா என்பது. குச்சி அதைச் சொல்லிவிடும்.

*மெல்ல ஏறுகிறது என்றால்*

ஏறத் தொடங்கிய முதல் ஒன்றிரண்டு மணி நேரம் நல்ல நேரம். கரையோரப் புல்லுக்குள்ளிருந்து மண்புழுவும் பூச்சியும் தண்ணீரில் விழும், அதைத் தின்னக் கெளுத்தியும் ஆரலும் விலாங்கும் ஓரத்துக்கு வரும். இந்த நேரத்தில் கடி இல்லாததற்கு ஒரே காரணம்தான் அடிக்கடி கிடைக்கும்: இரை நடு ஆற்றில் கிடக்கிறது. போன வாரம் மீன் நின்ற நடுக்கயத்தில் (ஆழமான பகுதியில்) இப்போது பாய்ச்சல். அந்தப் பாய்ச்சலை எதிர்த்து நீந்துவது மீனுக்கு வீண் செலவு. கரையிலிருந்து ஒரு கம்பு நீளத்துக்குள், புல் மூழ்கிய ஓரத்தில், பாறைக்குப் பின்னால், தோடு (சிற்றோடை) வந்து சேரும் முனையில் போடுங்கள். ஓரத்தில் மிதக்கும் நுரையும் சருகும் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தால் அதன் அடியில் தண்ணீர் நிதானமாக இருக்கும். இரை போக வேண்டிய இடம் அதுதான்.

*வேகமாக ஏறுகிறது என்றால்*

சரிசெய்ய ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போகலாம்.

*ஏறி நின்றுவிட்டது, அல்லது இறங்குகிறது என்றால்*

இறங்கத் தொடங்கி, செந்நிறம் குறைந்து கட்டன்சாயா (பாலில்லாத் தேநீர்) நிறத்துக்கு வரும் நேரம்தான் கெண்டை வகைக்கும் ரோகுவுக்கும் சிறந்தது. அப்போதும் கடி இல்லையா? இந்த வரிசையில் பாருங்கள்.

ஒன்று, ஆழம். தண்ணீர் மட்டம் மாறியிருக்கும்போது தக்கையைப் பழைய அளவிலேயே விட்டிருப்பீர்கள். முள்ளில் ஒரு ஈயக்குண்டை மாட்டி இறக்கி ஆழத்தை மறுபடி அளந்து, இரை தரையில் உரசும்படி தக்கையை நகர்த்துங்கள்.

இரண்டு, குளிர்ச்சி. மலைமழைத் தண்ணீரும், அணையின் அடிமதகு வழியே வரும் தண்ணீரும் வெயிலில் கிடந்த ஆற்று நீரைவிடக் குளிர்ந்திருக்கும். மீன்தொட்டிக்கு வாங்கும் சின்ன வெப்பமானியை நூலில் கட்டி இறக்கினால் தெரிந்துவிடும். ஒரே நாளில் மூன்று நான்கு டிகிரி விழுந்திருந்தால் சிலேபியும் கெண்டையும் மந்தமாகிவிடும். அன்று இரையைப் பாதியாகச் சுருக்குங்கள், காலை விட்டு, வெயில் ஏறிய பிறகு மதியம் போடுங்கள்.

மூன்று, வேறு கிளை. மூவாற்றுமுகத்தில் கோதையாறும் பரளியாறும் சேருகின்றன. மழை ஒரு பக்கம் மட்டும் பெய்திருந்தால் ஒரு கிளை கலங்கியும் இன்னொன்று தெளிந்தும் வரும், சேர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் இரண்டு நிறமும் தனித்தனியே ஓடும். கலங்கலுக்கும் தெளிவுக்கும் நடுவே உள்ள கோட்டில், தெளிந்த பக்கமாக இரை போடுங்கள். கலங்கலில் மறைந்து நின்று தெளிவில் இரை தேடும் மீன் அங்கேதான் இருக்கும்.

அறிகுறி 2: இரை போட்டபடியே திரும்பி வருகிறது

செங்கலங்கலில் கண்ணால் இரை தேடும் மீனுக்கு வேலை இல்லை. மோப்பத்திலும் மீசையிலும் தேடுபவைதான் தின்னும், அதாவது கெளுத்தி, விலாங்கு, ஆரல். எனவே பிடிக்கிற மீனை மாற்றிக்கொள்வதே மலிவான தீர்வு.

இரைக்கு வாடை வேண்டும். இறால் தலை, கோழிக்குடல், நெத்திலிக் கருவாட்டுத் துண்டு, இரண்டாக நறுக்கிய மண்புழு. முழு மண்புழுவைவிட நறுக்கியது சீக்கிரம் கடி வாங்கும், சாறு இறங்குவதால். முள்ளுக்கும் ஈயத்துக்கும் இடையே உள்ள நரம்பை ஒரு சாண் அளவுக்குக் குறையுங்கள். நீளமாக விட்டால் இரை ஓட்டத்தில் ஆடிக்கொண்டே இருக்கும், கலங்கலில் மீன் அதைத் துரத்திப் பிடிக்காது. போட்ட இடத்தில் குறைந்தது 20 நிமிடம் விட்டு வையுங்கள்.

மாவு இரைதான் போடுவேன் என்றால் கலவையைக் கெட்டியாக்க வேண்டும். ஓடும் நீருக்கு ஏற்ற அளவு இது: தவிடு 200 கிராம், பொடித்த கடலைப் புண்ணாக்கு 100 கிராம், மைதா 50 கிராம், வேகவைத்து மசித்த மரச்சீனிக் (மரவள்ளிக்) கிழங்கு ஒரு கைப்பிடி. தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசையுங்கள், ஒரேயடியாக ஊற்ற வேண்டாம். பிசைந்ததும் நெல்லிக்காய் அளவு உருண்டை ஒன்றை ஆற்றுத் தண்ணீர் நிரப்பிய மக்கில் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குள் உடைந்தால் இளக்கம், மைதா சேர்க்கவும். அரை மணி நேரமாகியும் கல் மாதிரி கிடந்தால் வாடை வெளியே போகாது, தவிடு சேர்க்கவும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் மேல்தோல் மட்டும் கரைந்து பொடியாக உதிர்ந்தால் பதம் சரி. மரச்சீனியை விட்டுவிட்டால் இந்தக் கலவை ஓட்டத்தில் நிற்காது. பசை அதில்தான் இருக்கிறது.

இவ்வளவு செய்தும் இரை அப்படியே வந்தால் அது மீன் இல்லாத இடம். முப்பது அடி தள்ளிப் போங்கள்.

அறிகுறி 3: கடி இருக்கிறது, மீன் ஏறவில்லை

முள் முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் மெல்ல இழுங்கள். நகத்தைப் பற்றினால் கூர்மை, வழுக்கினால் மழுங்கியது. மழைக்காலத்தில் பாறையிலும் கட்டையிலும் உரசி முனை மடங்குவது சாதாரணம். சின்ன அரத்தில் நான்கு இழுப்பு போதும், இல்லையென்றால் புதுமுள்.

முனை கூராக இருந்தால் அளவைப் பாருங்கள். பொடிக்கெண்டைக்கும் கரிமீனுக்கும் 10 அல்லது 12ஆம் எண், ரோகுவுக்கு 4 முதல் 6, கெளுத்திக்கு 2 முதல் 4. கரிமீனின் வாய் சின்னது. 6ஆம் எண் முள்ளைப் போட்டுவிட்டு "கொத்திக் கொத்திப் போகிறது" என்று சொல்வதில் பயனில்லை.

அடுத்தது தொய்வு. ஓட்டம் நரம்பை வில்லாக வளைத்துவிடும், நீங்கள் சுண்டும்போது அந்த வளைவு நிமிர்வதற்குள் மீன் துப்பிவிடும். கம்பு முனையை உயர்த்திப் பிடித்து, தண்ணீரைத் தொடும் நரம்பின் நீளத்தைக் குறையுங்கள். மேலோட்டத்தில் நேர் குறுக்கே போடாமல், உங்களுக்குச் சற்றுக் கீழ்ப்பக்கமாகப் போட்டாலும் வளைவு குறையும்.

இரை மட்டும் சுத்தமாகக் காணாமல் போய், நரம்பில் சின்னச் சின்ன வெட்டு இருந்தால் அது நண்டு. இடத்தை மாற்றுங்கள், அல்லது இரை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிற்கும்படி தக்கையை இறக்குங்கள்.

அறிகுறி 4: ஈயம் நிற்கவில்லை, எல்லாம் கரைக்கு வந்து ஒதுங்குகிறது

கோடையில் 10 கிராம் போதும் என்ற இடத்தில் புதுத்தண்ணீருக்கு 20 முதல் 40 கிராம் வரை வேண்டும். ஆனால் எடை கூட்டும் முன் வடிவத்தை மாற்றிப் பாருங்கள். உருண்டை உருளும், தட்டை ஈயம் தரையில் படுத்துக்கொள்ளும். கையில் உருண்டைதான் இருக்கிறதா? கல்லில் வைத்துச் சுத்தியால் இரண்டு தட்டு.

அடுத்து நரம்பின் தடிமன். 0.40 மில்லிமீட்டர் நரம்பு 0.25-ஐவிட மிக அதிக ஓட்டத்தை வாங்கும். கெண்டைக்கு 0.25 தாராளம். 40 கிராமும் நிற்கவில்லை என்றால் நீங்கள் போடுவது மீன் நிற்கும் இடமே இல்லை. ஈயத்தால் நிற்க முடியாத பாய்ச்சலில் மீனும் நிற்காது.

அறிகுறி 5: ஒவ்வொரு வீச்சிலும் சிக்கி அறுகிறது

வெள்ளம் தென்னமட்டை, ரப்பர்க் கிளை, மூங்கில், பழைய சேலை எல்லாவற்றையும் கொண்டுவந்து கயத்தில் சேர்த்திருக்கும். போன வாரத்துச் சுத்தமான தரை இந்த வாரம் குப்பைமேடு.

சிக்குவது ஈயமா முள்ளா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். ஈயம் என்றால் ஒரு மலிவான வழி உண்டு. ஈயத்துக்குப் பதிலாகப் பழைய இரும்பு நட்டு ஒன்றை, முதன்மை நரம்பைவிட மெலிந்த நரம்பில் ஒரு சாண் நீளத்துக்குச் சுழலியில் (நரம்பு முறுக்காமல் இருக்கக் கோக்கும் சுழலும் வளையத்தில்) தொங்கவிடுங்கள். முதன்மை நரம்பு 0.30 என்றால் இது 0.18. சிக்கினால் மெலிந்தது மட்டும் அறும். நட்டு போகும், முள்ளும் மீனும் மிஞ்சும்.

முள் சிக்குகிறது என்றால் தக்கைக்கு மாறி, இரையைத் தரைக்கு மேலே நிறுத்துங்கள்.

சிக்காமலே அறுகிறதா? கடைசி இரண்டு மீட்டர் நரம்பை விரல்களுக்கிடையே இழுத்துச் சொரசொரப்பு இருக்கிறதா பாருங்கள், இருந்தால் வெட்டி எறியுங்கள். பிறகு கம்பின் வளையங்களுக்குள் ஒரு பஞ்சுத் துணுக்கை விட்டுச் சுற்றுங்கள். நார் பிடித்துக்கொள்ளும் வளையத்தில் கீறல் இருக்கிறது. அந்த வளையம் எத்தனை புது நரம்பு போட்டாலும் அறுக்கும். வளையம் மாற்றும் வேலை கடைக்காரருக்கு.

சிக்கியதை எடுக்க ஆற்றில் இறங்குவது மட்டும் கூடாது. முள் விலை சில ரூபாய்.

அறிகுறி 6: காணொளியில் காட்டியபடியே செய்தும் பலன் இல்லை

காஷ்மீரிலும் இமாசலத்திலும் டிரவுட் பிடிக்கும் காணொளிகளைப் பார்த்துவிட்டு, விடியற்காலை போய்ப் பளபளக்கும் தகட்டு இரையை நடு ஆற்றில் சுழற்றுபவர்கள் கூடியிருக்கிறார்கள். அங்கே அந்த முறைக்கு ஒரு கணக்கு உண்டு. வசந்தத்தில் பகல் வெயிலுக்குப் பனி உருகி, தண்ணீர் பிற்பகலிலும் மாலையிலும் ஏறும், கலங்கும். இரவுக் குளிரில் உருகுவது குறைய, காலையில் மட்டம் இறங்கித் தெளியும். அதனால் அங்கே காலை ஒரு நல்ல நேரம். தண்ணீர் மிகக் குளிர்ந்திருக்கும் நாளில் டிரவுட்டும் மந்தமாகிவிடும் என்பதால், சற்றே வெயில் ஏறும்வரை காத்திருப்பவர்களும் உண்டு.

நம் ஆற்றுக்கு அப்படி நாள்வாரிக் கடிகாரம் கிடையாது. மழையும் மதகும்தான் கணக்கு. கடிகாரத்தைப் பார்க்காமல் குச்சியைப் பாருங்கள். தகட்டு இரை நம் ஊரில் தெளிந்த குளத்திலும் விரால் நிற்கும் தாமரை ஓரத்திலும் வேலை செய்யும், கலங்கலில் செய்யாது.

அறிகுறி 7: ஆறு தெளிந்து நாலு நாள் ஆகியும் மீனைக் காணோம்

மீன் மேலே ஏறிப் போயிருக்கும். முதல் பெருமழையில் பல மீன்கள் முட்டையிட ஆற்றை விட்டுத் தோட்டுக்கும் வயலுக்கும் குளத்துக்கும் ஏறும். அவற்றைத் தேடி வயல்வரப்பில் கூடு வைப்பதும் வலை கட்டுவதும் நடக்கிறது. வயிறு புடைத்த ஒரு மீனைப் பிடித்தால் அடுத்த வருடத்து நூறு மீன் போகும். தூண்டிலில் அகப்பட்டாலும் விட்டுவிடுவதே சரி. இரண்டு மூன்று வாரத்தில் அவை ஆற்றுக்குத் திரும்பும்.

அதுவரை சானல்களை, அதாவது பாசனக் கால்வாய்களைப் பாருங்கள். பாசனத்துக்கு அணை திறந்த பிறகு பட்டணங்கால், அனந்தனார் கால்வாய், தோவாளை கால்வாய் எல்லாம் நிறைந்து ஓடும். மழை இல்லாத நாளிலும் மட்டம் ஏறும், ஆனால் நிறம் அவ்வளவாகக் கெடாது. ஷட்டருக்குக் கீழே தண்ணீர் குதித்துத் தணியும் இடமும், பாலத்தின் நிழலும் நல்ல இடங்கள். ஷட்டர் மேடையில் நிற்க வேண்டாம்.

பேச்சிப்பாறைக்கு மேலே போகலாமே என்ற யோசனை வந்தால், அங்குள்ள காடு 2008-இல் வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. உள்ளே தூண்டில் போடுவது குற்றம். அணைகளிலும் குத்தகைக் குளங்களிலும் மீன்பிடி உரிமை யாருடையது என்று கேட்டுவிட்டுத்தான் கம்பை எடுக்க வேண்டும்.

அறிகுறி 8: கழிமுகத்தில் கரிமீன் மறைந்துவிட்டது

தேங்காப்பட்டணத்திலும் மணக்குடியிலும் மழை வெள்ளம் வந்து சேர்ந்ததும் நல்ல தண்ணீர் மேலாகவும் உப்புத் தண்ணீர் கீழாகவும் படுத்திருக்கும். உப்பு கனம் கூடியது. தக்கை முள்ளுக்கு அருகில் இருந்தால் இரை மேலே நல்ல தண்ணீரிலேயே தொங்கும். தக்கையை மேலே நகர்த்தி, இரையை அடியோடு இறக்குங்கள். நேரமும் முக்கியம்: கடல் ஏறும் வேலியேற்றத்தில் உப்பு உள்ளே வரும், மீனும் அதோடு வரும். வேலியிறக்கத்தில் வெள்ளத்தோடு சேர்ந்து ஓட்டம் வெறித்தனமாக இருக்கும், அப்போது இரை நிற்காது.

பொழி (ஆறு கடலில் சேரும் வாய்) மணலால் அடைந்து கிடந்து வெள்ளத்தில் திடீரென்று உடைந்தால், மட்டம் மளமளவென்று இறங்கும். பொழிமுகத்து மணல் காலுக்கடியில் சரியும். பக்கத்தில் போகாதீர்கள்.

அறிகுறி 9: மீன் வாயைப் பிளந்து மேலே நிற்கிறது, அல்லது செத்து மிதக்கிறது

அதிகாலையில் மட்டும் வாய் பிளந்து நின்று, வெயில் ஏறியதும் கீழே போனால் தண்ணீரில் பிராணவாயு குறைவு. மழை முதலில் அடித்துக் கொண்டுவரும் சருகும் சாணியும் சாக்கடையும் அழுகும்போது இது வரும். தூண்டிலைச் சுருட்டிவிட்டு இரண்டு நாள் கழித்து வாருங்கள்.

பகலிலும் நிற்கிறது, பல வகை மீன்கள் ஒன்றாகச் செத்து மிதக்கின்றன, தண்ணீரில் ரப்பர்ப்பால் புளித்த நாற்றமோ மருந்து வாடையோ அடிக்கிறது என்றால் அது கழிவோ விஷமோ. ஒரு மீனும் எடுக்காதீர்கள், கோழிக்கும் பூனைக்கும்கூடப் போடாதீர்கள். மீன்வளத் துறை அலுவலகத்துக்கும் ஊராட்சிக்கும் சொல்லுங்கள். முடிந்தால் மூடியுள்ள சுத்தமான பாட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீரை அன்றே எடுத்துக் குளிரில் வையுங்கள். மறுநாள் எடுத்தால் ஆறு எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போயிருக்கும்.

அறிகுறி 10: ரீல் கரகரக்கிறது

கலங்கல் தண்ணீரில் இருக்கும் நுண்மணல்தான் காரணம். டிராக்கை (மீன் இழுக்கும்போது நரம்பு எவ்வளவு இறுக்கமாக வெளியே போக வேண்டும் என்று கட்டுப்படுத்தும் திருகை) இறுக்கிவிட்டு, குழாயை மெல்லத் திறந்து ஓடும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். வாளியில் முக்கினால் மணல் உள்ளே போகும். துடைத்து, டிராக்கைத் தளர்த்தி, நிழலில் உலரவிடுங்கள். பிறகு நரம்பு உருளும் சின்ன உருளையைப் பாருங்கள். நரம்பை இழுக்கும்போது அது சுற்றாமல் நின்றால் நரம்பு முறுக்கிக்கொள்வதற்கும் அதுவே காரணம். அதில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், உறைந்து பிசினாகும்.

கழுவி எண்ணெய் விட்டும் கரகரப்பு நிற்கவில்லை, அல்லது கைப்பிடி பின்பக்கமாக நழுவுகிறது என்றால் பேரிங்கோ உள்பல்லோ போயிருக்கிறது. பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். மலிவான ரீல் என்றால் கூலியைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள், புதியதே லாபமாக இருக்கலாம்.

ஆளைக் கூப்பிட வேண்டிய நேரம்

ஒருவர் தண்ணீரில் போய்விட்டால் பின்னால் குதிக்காதீர்கள். கம்பையோ கயிற்றையோ காலி கேனையோ நீட்டிவிட்டு 112-ஐ அழையுங்கள்.

இடி கேட்டால் கார்பன் கம்பைக் கீழே போட்டுவிட்டு விலகுங்கள். ஐப்பசி மாலைகளில் இது அடிக்கடி நேரும்.

முள்ளின் செவுள் (முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் கூர்) சதைக்குள் இறங்கிவிட்டால் பின்னோக்கி இழுக்கக் கூடாது. நரம்பை வெட்டி, முள் அசையாமல் துணி சுற்றி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் எடுத்துவிட்டு டிடி ஊசியும் போடுங்கள். கண்ணுக்கு அருகில் என்றால் நேராக ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

காலில் புண்ணோடு வெள்ளத் தண்ணீரில் நின்றவருக்கு ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். கடையில் மாத்திரை வாங்கி நாளைத் தள்ளாமல் மருத்துவரிடம் போங்கள். ஆற்றில் இறங்கியதை அவர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள், இரத்தப் பரிசோதனை எதற்கு எழுத வேண்டும் என்று அவருக்கு அதில்தான் பிடி கிடைக்கும்.